மீன் செத்த ஞாயிற்றுக்கிழமை

அந்த ஊரில் மீன் சாவது என்பது வழக்கத்தில் இல்லாத சங்கதி. கண்மாயில் தண்ணீர் கிடந்தால்தான் மீன் கிடக்கும், கிடந்தால்தான் சாகும். கண்மாய் முழுக்கக் கருவேலம் அடைந்து வருஷங்கள் ஆகிவிட்டன. ஆகவே, பால்ச்சாமி வீட்டு மீன் செத்துக் கிடக்கிறது என்று கருத்தம்மாள் தெருவில் சொன்னதும், மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட வாளியை அப்படியே வைத்துவிட்டு வந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் அந்த மீனை உயிரோடு பார்த்ததே இல்லை. துக்கத்துக்கு அது ஒரு தடையாக இல்லை.

பால்ச்சாமிக்கு விடியும்போதே தெரியும். பல் விளக்கப் போவதற்கு முன்னால் தொட்டியைப் பார்ப்பது அவனுக்கு ஒரு வருஷப் பழக்கம். அன்றைக்கும் பார்த்தான். தண்ணீர் எங்கே முடிகிறது, கண்ணாடி எங்கே தொடங்குகிறது என்று தெரியாத அளவுக்குத் தெளிந்திருந்தது. மேலே மீன் ஒருக்களித்துக் கிடந்தது. தூங்குகிறது என்று முதலில் நினைத்தான். அது ஒருநாளும் படுத்துத் தூங்கியதில்லை என்பது அதற்கப்புறம்தான் நினைவுக்கு வந்தது. விரலால் தொட்டான். விரல் போன பக்கம் போனது. விரல் நின்றதும் நின்றது. காற்றுக் குமிழி விடுகிற பம்பு மட்டும் எதுவும் தெரியாத மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

அவன் பம்பை நிறுத்தவில்லை. நிறுத்தினால் செத்தது உறுதியாகிவிடும்.

அன்றைக்குத்தான் அமுதவள்ளி வருகிறாள்.

அமுதவள்ளி அவன் பெண்டாட்டி. பாலவனத்தத்தில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். போய் ஒரு வருஷம் ஆகிறது. மீன் அவளுடையது. மகள் சுவாதியைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்து வீடு வெறிச்சோடிக் கிடந்த சமயத்தில் அவள் அருப்புக்கோட்டைக்குக் கண் டாக்டரிடம் போயிருந்தாள். கூப்பிடுகிறவரை பெஞ்சில் உட்கார்ந்து எதிரே இருந்த மீன் தொட்டியையே பார்த்திருக்கிறாள். டாக்டர் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். அவள் மருந்துக் கடைக்குப் போகாமல் மீன் கடைக்குப் போய்விட்டாள். தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கியவளைப் பார்த்து இது என்ன கூத்து என்று பால்ச்சாமி கேட்டான்.

"கண்மாயிலதான் தண்ணி இல்ல. வீட்டுக்குள்ளயாச்சும் கொஞ்சம் கெடக்கட்டும்" என்றாள்.

பழுதாகிப்போன டிவியை இறக்கிவிட்டு அந்த மேசையில் தொட்டி ஏறியது. ஆரஞ்சு நிறத்தில் ஒற்றை மீன்; வாலில் மட்டும் சுண்ணாம்பு தொட்டுத் தடவினாற்போல ஒரு வெள்ளை. அந்த மீனின் கண்ணெதிரே கருவாடு வறுக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. கருவாட்டுக்காகப் பால்ச்சாமி கருத்தம்மாள் வீட்டுக்குக் கும்பாவைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. பேர் ஒன்று வைக்கலாமே என்று கருத்தம்மாள் சொன்னதற்கு, பேர் வைத்தால் கூப்பிட வேண்டும், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க வேண்டும், இந்த வீட்டில் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற பழக்கம் யாருக்கு இருக்கிறது என்று புருஷன் காதில் விழும்படி அமுதவள்ளி கேட்டாள். பால்ச்சாமி திரும்பிப் பார்க்கவில்லை.

போன வருஷம் புரட்டாசியில் ஒரு மழை இறங்கியது. கரிசல் காட்டு மானாவாரிக்காரனுக்கு மழைக்கு மறுநாள் என்பது கல்யாண வீட்டு நாள் மாதிரி. மண்ணில் ஈரம் இருக்கும்போதே விதைத்துவிட வேண்டும். வெயில் ஏறி மேல்மண் இறுகிப்போனால் விதை உள்ளே போகாது. போனாலும் மேலே வராது. அடுத்த மழை எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. அன்றைக்கு விடிகாலையில்தான் பாலவனத்தத்தில் அமுதவள்ளியின் அம்மா இறந்துபோனாள் என்று போன் வந்தது.

பால்ச்சாமி வாசலில் நின்று காட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். நீ முதலில் போ, மேலக்காட்டை மட்டும் விதைத்துவிட்டு மத்தியானத்துக்குள் வந்துவிடுகிறேன் என்றான். அவள் பஸ் ஏறினாள். மேலக்காடு முடிந்தபோது மத்தியானம் ஆகியிருந்தது. கீழக்காட்டில் இன்னும் ஈரம் இருந்தது. ஈரத்தை விட்டுவிட்டுப் போக அவனுக்குக் கால் வரவில்லை. அதையும் விதைத்துவிட்டு, குளித்து, வேட்டி கட்டி, அவன் பாலவனத்தம் போய்ச் சேர்ந்தபோது சுடுகாட்டிலிருந்து வந்தவர்கள் வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டுக்கு ஒரே மருமகன். மச்சான் ஒரு சத்தம் போடவில்லை. செம்பைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னான்:

"பொணம் எடுக்கைல வராதவுக கருமாதிச் சோத்துக்கு வர வேணாம்."

பால்ச்சாமி அதற்குப் பிறகு அந்த ஊர்ப் பக்கம் போகவில்லை. அமுதவள்ளி திரும்பி வரவில்லை. சண்டை எதுவும் நடக்கவில்லை. சண்டை நடந்திருந்தால் சமாதானம் பேச நாலு பேர் வந்திருப்பார்கள்.

கருமாதி முடிந்து கொஞ்ச நாள் கழித்து, விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஒரு போன் வந்தது.

"மீனு தின்னுச்சா?"

"தின்னுச்சு."

"பம்பு ஓடுதா?"

"ஓடுது."

"வைக்கிறேன்."

மறுநாளும் வந்தது. அப்படியே தினமும் என்று ஆகிவிட்டது. பால்ச்சாமிக்கு இந்தப் பேச்சை எப்படியாவது நீட்ட வேண்டும் என்று இருந்தது. அதற்காக மீனைக் கவனிக்க ஆரம்பித்தான். காட்டு வேலை முடித்து வந்து மேசைக்கு எதிரே உட்கார்ந்தான் என்றால் மீன் எந்த மூலையில் நிற்கிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று ஒரு வேவுகாரனைப் போலப் பார்த்துக்கொண்டிருப்பான். இன்றைக்குக் கண்ணாடியில் மூக்கை முட்டிக்கொண்டே இருந்தது என்பான். அப்படியா என்பாள். இரையை வாயில் வாங்கித் துப்பி மறுபடி வாங்கியது என்பான். அது அப்படித்தான் செய்யும் என்பாள். சில நாள் மீன் ஒன்றுமே செய்யாது. அந்த நாட்களில் பால்ச்சாமியே அதைக் கொஞ்சம் செய்ய வைத்தான். ஒரு தடவை அது தண்ணீருக்கு மேலே துள்ளியது என்று சொல்லிவிட்டான். அந்தப் பக்கம் அவள் சிரித்த மாதிரி இருந்தது. அங்கே ரோட்டில் போன பஸ் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை.

வியாழக்கிழமை போனில், மீன் தின்றதா என்று கேட்டு முடித்த பிறகு அவள் உடனே வைக்கவில்லை.

"ஞாயித்துக்கெழம வாரேன்" என்றாள்.

அவ்வளவுதான். இருக்க வருகிறாளா, பார்க்க வருகிறாளா என்று அவன் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

சனிக்கிழமை முழுக்க வீட்டைக் கழுவினான். ஒட்டடை அடித்தான். அவள் பீரோவின் கண்ணாடியைத் துடைத்தான். கடைசியில் தொட்டியிடம் வந்தான். ஒரு வருஷமாகப் போர்த் தண்ணீரையே ஊற்றி ஊற்றிக் கண்ணாடியில் உப்புப் பூத்துப்போய் மீன் பனிமூட்டத்துக்குள் போகிற லாரி மாதிரி தெரிந்தது. அந்த ஊர்ப் போர்த் தண்ணீர் சோப்புப் போட்டால் நுரைக்காது, பருப்புப் போட்டால் வேகாது. குடிக்கிறதுக்குக் குழாயில் முறை வைத்து ஆற்றுத் தண்ணீர் விடுவார்கள். அதற்கு நல்ல தண்ணி என்று பேர். விருந்தாளி வந்தால் அதில் ஒரு செம்பு கொடுப்பதுதான் முதல் மரியாதை. காப்பியெல்லாம் பிறகு.

பால்ச்சாமி மீனைச் சட்டியில் எடுத்து வைத்துவிட்டு, பழைய தண்ணீரைச் சொட்டு விடாமல் கொட்டினான். தேங்காய் நாரால் உப்பைத் தேய்த்து எடுத்தான். வீட்டில் பிடித்து வைத்திருந்த நல்ல தண்ணீர் அத்தனையையும் குடம் குடமாக அதில் ஊற்றினான். மீனை விட்டதும் அது சரசரவென்று சுற்றியது. சந்தோஷத்தில் சுற்றுகிறது என்று நினைத்துக்கொண்டான். அன்று ராத்திரி சோற்றுக்குமேல் அவன் போர்த் தண்ணீரைத்தான் குடித்தான். மேசை மேல் தொட்டி பளிங்காக இருந்தது. அவளிடம் சொல்லச் சேதி இருக்கிறது என்று படுத்தான்.

விடிந்தால் மீன் ஒருக்களித்துக் கிடக்கிறது.

கருத்தம்மாள்தான் முதலில் வந்தவள். பக்கத்து வீடு, பால்ச்சாமிக்குச் சின்னம்மா முறை. கண்ணேறு என்று பார்த்த மாத்திரத்தில் தீர்ப்புச் சொன்னாள். நேற்று அவன் தொட்டியைத் துடைத்ததை வாசல் வழியாக எத்தனை பேர் பார்த்துக்கொண்டு போனார்கள் என்று பேர் பேராகச் சொன்னாள். அதில் அவள் பேர் இல்லை. அடுத்து சங்கையா வந்தார். வீரசோழன் சந்தையில் ஆடு வாங்கி விற்கிறவர். செத்த ஆடு எதனால் செத்தது என்று கண் இமையைத் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவார் என்று அவருக்கு ஒரு பேர் உண்டு. மீனைக் கையில் வாங்கி இமையைத் தூக்கப் போனார். மீனுக்கு இமை இல்லை. கொஞ்ச நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது ஆட்டு வியாதி இல்லை என்று மட்டும் உறுதியாகச் சொல்லி மறுபடி தண்ணீரில் விட்டார்.

டிராக்டர்கார தங்கபாண்டி கரண்ட் கட்சி. பம்பு வயர் வழியாகக் கரண்ட் கசிந்திருக்கும் என்றான். சோதித்துப் பார்க்கத் தொட்டிக்குள் கையை விட்டான். ஒன்றும் ஆகவில்லை. கொஞ்சம் ஏமாற்றத்தோடு கையைத் துடைத்துக்கொண்டு, தண்ணி மாத்துனீகளா மாமா என்று கேட்டான்.

"நேத்துத்தான் மாத்துனேன். நல்ல தண்ணி" என்றான் பால்ச்சாமி.

"இது பூராவுமா?"

"பூராவும்."

கூட்டம் தொட்டியை ஒரு மரியாதையோடு பார்த்தது. என் வீட்டுச் சினைமாட்டுக்குக்கூட நான் நல்ல தண்ணி காட்டியதில்லை என்றார் சங்கையா. அப்படியானால் தண்ணீரில் பழுதில்லை என்று எல்லாரும் ஏகமனதாக முடிவு செய்தார்கள். பல்லி விழுந்திருக்கலாம், கொசுவத்திப் புகை போயிருக்கலாம், வயசாகியிருக்கலாம், இரை அதிகமாகியிருக்கலாம். நல்ல தண்ணீர் ஒரு உயிரைக் கொல்லும் என்று அந்த ஊரில் யாருக்கும் தோன்ற வழியே இல்லை.

தங்கபாண்டி பால்ச்சாமியைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு யோசனை சொன்னான். பைக்கை எடுத்தால் அருப்புக்கோட்டைக்கு ஒரு மிதி. இதே கலரில் ஒன்றைப் பிடித்து வந்து விட்டுவிடலாம்.

"மீனுக்கு என்ன ஆதார் கார்டா கேக்கப் போறாக?"

பால்ச்சாமிக்கு ஒரு நிமிஷம் ஆசை வந்தது. வாலில் இருக்கிற வெள்ளையை எந்தக் கடையில் போய் வாங்குவது என்று யோசித்தான். அதைவிட, அவளிடம் வந்துவிடுகிறேன் என்று ஒரு தடவை சொல்லி ஏமாற்றியாகிவிட்டது. வேண்டாம் என்று தலையாட்டினான். அப்படியானால் காட்டு வேலையையாவது பார்ப்போம், இன்றைக்கு மத்தியானத்துக்கு மேல் உங்கள் முறை என்றான் தங்கபாண்டி. இந்த வருஷம் ஊரே மழைக்குக் காத்திராமல் புழுதியிலேயே விதைத்து வைக்கிறது. மழை விழுந்தால் தானே முளைக்கட்டும் என்று. ஊருக்கு ஒரே டிராக்டர். முறையை விட்டவன் கடைசி ஆளாகத்தான் நிற்க வேண்டும்.

அதற்குள் கருத்தம்மாள் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். கண்ணேற்றைக் கைவிட்டு வேறு முடிவுக்கு வந்திருந்தாள்.

"ஏக்கம்ப்பா. அவ இல்லாத ஏக்கத்துலதான் செத்துருக்கும். வாயில்லாத சீவன், எம்புட்டு நாளைக்குப் பொறுக்கும்?"

வாயுள்ள சீவனைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. பால்ச்சாமி ஆட்டுக்கு வேப்பங்குழை போடுகிறவனைப் போலக் கொல்லைப் பக்கம் போய் நின்றுகொண்டான். காலையில் போட்ட குழை அப்படியே இருந்தது.

பஸ் விட்டு இறங்கி வந்த அமுதவள்ளி தெரு முக்கில் திரும்பியதும் வீட்டு வாசலில் செருப்புகளையும் ஆட்களையும் பார்த்தாள். நடந்து வந்தவள் ஓட ஆரம்பித்தாள். கையில் மூடி போட்ட ஒரு நீல வாளி இடித்து இடித்து ஆடியது. ஆட்களை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். கொல்லைக் கதவில் பால்ச்சாமி நின்றுகொண்டிருந்தான். அவனைப் பார்த்ததும் நின்றாள். நின்று, ஒரு மூச்சு விட்டாள். அந்த மூச்சை அவன் பார்த்தான். ஒரு வருஷத்தில் அவனுக்குக் கிடைத்தது அது ஒன்றுதான்.

"யாருக்கு என்ன?" என்றாள்.

மீனுக்கு என்று நாலைந்து பேர் சேர்ந்து சொன்னார்கள். சொன்ன பிறகு அங்கே நிற்பது அவர்களுக்கே ஒரு மாதிரியாக இருந்திருக்க வேண்டும். ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். கருத்தம்மாள் போகிற போக்கில் வாசல் கதவையும் சாத்திவிட்டுப் போனாள். அவள் பிறந்ததிலிருந்து அப்படி ஒரு காரியம் செய்ததில்லை.

அமுதவள்ளி வாளியைக் கீழே வைத்தாள். பால்ச்சாமி வாளியைப் பார்த்தான். காலியான வாளி, மூடியில் காற்றுப் போக ஆணியால் ஓட்டைகள் குத்தியிருந்தன. எதற்காக வந்தாள் என்று அவனுக்கு அப்போது விளங்கியது. துணிப்பை எதுவும் அவள் கொண்டுவரவில்லை.

அவள் தொட்டியிடம் போனாள். மீனைத் தொடவில்லை. தண்ணீரையே பார்த்தாள். ஆள்காட்டி விரலை முக்கி நாக்கில் வைத்தாள்.

"நல்ல தண்ணியா?"

"ஆமா."

"முழுசுமா மாத்துனீக?"

"முழுசும். கழுவி, நாரு போட்டுத் தேய்ச்சு."

"பழசு கொஞ்சம்கூட வச்சுக்கலையா?"

"அந்த உப்பு எதுக்குன்னு கொட்டிட்டேன்."

அவள் மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். திட்டப்போகிறாள் என்று அவன் நின்றான். அவள் திட்டவில்லை. யாருக்கோ மருந்து எப்படிக் கொடுப்பது என்று சொல்லிக்கொடுக்கிற குரலில் பேசினாள்.

"அது உப்புத் தண்ணியிலயே இருந்து பழகுன மீனு. மாத்துனா பாதி பழசு, பாதி புதுசு. அதுவும் போர்த் தண்ணிதான். கொழாய்த் தண்ணியில மருந்து போட்டு விடுறாக. அது நமக்கு ஒண்ணும் செய்யாது. இதுக்கு ஆகாதுன்னு கடையிலயே சொன்னாக."

"நீ சொல்லலையே."

"நீங்க கேக்கலையே. மீனு தின்னுச்சான்னு நான் கேப்பேன், தின்னுச்சுன்னு நீங்க சொல்லுவீக. வேற என்னத்தப் பேசுனோம்?"

பால்ச்சாமி சுவரோரமாக உட்கார்ந்தான்.

"வாரேன்னு சொன்னேல்ல" என்றான். "நீ வாரப்ப அழுக்காக் கெடக்கக் கூடாதுன்னுதான்."

அதைக் கேட்டதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. மெல்ல ஆரம்பித்து, வாயைப் பொத்தி, பொத்தின கையையும் மீறி, தெருவுக்குக் கேட்கிற மாதிரி அழுதாள். ஒரு மீனுக்கு அவ்வளவு அழுகை கிடையாது. பக்கத்து வீட்டில் அம்மி அரைக்கிற சத்தம் நின்றது. பால்ச்சாமி எழுந்து போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். வைத்த பிறகுதான் அது போர்த் தண்ணீர் என்பது நினைவு வந்தது. வீட்டில் வேறு தண்ணீர் இல்லை. அவள் அதைக் குடித்தாள்.

"அன்னைக்கு எனக்கு அழுகையே வரலைங்க" என்றாள். "அம்மாவக் குளிப்பாட்ட நீர்மாலைக்கு மருமகன் கொடம் எடுக்கணும், வந்தாச்சா, வந்தாச்சான்னு கேட்டுக்கிட்டே இருந்தாக. பஸ்ஸு ஏறிட்டாக, பஸ்ஸு ஏறிட்டாகன்னு நானும் சொல்லிக்கிட்டே இருந்தேன். பஸ்ஸுச் சத்தம் கேக்குறப்பல்லாம் எந்திரிச்சு எந்திரிச்சு ரோட்டப் பாத்தேன். கடைசில ஈஸ்வரி மாப்ளைய எடுக்கச் சொல்லிட்டாக. சித்தி மக புருஷன். கலியாணம் ஆன புதுசு, எங்கம்மா மூஞ்சியவே அவரு சரியாப் பாத்ததில்ல." செம்பைத் தள்ளி வைத்தாள். "நானும் பாக்கல. ரோட்டத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். திரும்புறதுக்குள்ள மூஞ்சிய மூடிட்டாக."

பம்பு ஓடிக்கொண்டிருந்தது. அவள் எட்டி அதன் சுவிட்சை அணைத்தாள். வீடு இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது.

"என்ன வெதச்சீக அன்னைக்கு?"

ஒரு வருஷத்தில் அவள் கேட்காத கேள்வி.

"மேலக்காட்டுல உளுந்து. கீழக்காட்டுல கொத்தமல்லி."

"மொளச்சுச்சா?"

"நல்லா மொளச்சுச்சு" என்றான். குரலில் தன்னை அறியாமல் ஒரு பெருமை வந்தது. வந்த வேகத்தில் போனது. "பெறகு மழை இல்ல."

"ஒண்ணுமே வரலையா?"

"ஆட்ட விட்டு மேச்சேன்."

"சொல்லவே இல்ல."

"நீ மீனத்தான கேட்ட."

மீனைக் கொல்லையில் முருங்கை அடியில் புதைத்தார்கள். பால்ச்சாமி மண்வெட்டியால் ஆளுக்கே குழி வெட்டுகிற மாதிரி வெட்டிக்கொண்டே போனான். போதும் என்று அவள் சொல்ல வேண்டியிருந்தது. தொட்டித் தண்ணீரைக் கீழே கொட்ட இருவருக்கும் மனசு வரவில்லை. என்ன ஆனாலும் நல்ல தண்ணீர். ஆட்டுத் தொட்டியில் ஊற்றினார்கள். ஆடு உறிஞ்சிக் குடித்துவிட்டு இன்னும் வேண்டும் என்று பார்த்தது. ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று அவன் சொன்னான். மொச்சைக் குழம்பு வைத்திருந்தான். பசிக்கவில்லை என்றாள். பாத்திரத்தைத் திறந்து பார்த்து, உப்பு அதிகம் என்று ருசி பாராமலே சொல்லி மூடினாள். வாளியை எடுத்துக்கொண்டாள்.

பஸ் நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் கரிசல் பாளம் பாளமாக உழுது கிடந்தது. வெயில் தார் ரோட்டில் நெளிந்தது. பால்ச்சாமி அவளுக்குக் கொஞ்சம் தள்ளி நின்றான். விளக்கு வைக்கிற நேரம் வரும். போன் சும்மா கிடக்கும். நாளைக்கும் அப்படித்தான். கேட்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே வாய் கேட்டுவிட்டது.

"வேற ஒரு மீனு வாங்கி வைக்கவா?"

"வேணாம்."

"ஒண்ணுதான்."

"வேணாங்க. அதையும் நல்லா வச்சுக்கிறேன்னு கொன்னுருவீக."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவனால் தாங்கியிருக்க முடியும். அவள் அலுத்துப்போய்ச் சொன்னாள்.

பஸ் தூரத்தில் தெரிந்தபோது எதிர்ப் பக்கத்திலிருந்து டிராக்டரும் வந்தது. தங்கபாண்டி வண்டியை ஓரம் கட்டி, எஞ்சினை அணைக்காமல் கத்தினான். உங்கள் முறை வந்துவிட்டது மாமா, விதையை எடுத்துக்கொண்டு காட்டுக்கு வாருங்கள், கிழக்கே மேகம் கட்டுகிறது என்றான். பால்ச்சாமி கிழக்கே பார்த்தான். அழுக்குத் துணி மாதிரி ஒரு மேகம் உண்மையிலேயே இருந்தது. அமுதவள்ளியும் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, அவன் முகத்தைப் பார்க்காமல், பஸ் வருகிற பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அடுத்த ஆளுக்குப் போ" என்றான் பால்ச்சாமி.

"மாமா, இப்ப விட்டா கடைசிலதான் வரும்."

"வரட்டும்."

தங்கபாண்டிக்குப் புரியவில்லை. அத்தையைப் பஸ் ஏற்றிவிட்டு வரட்டுமே, கால்மணி நேரம் நிற்கிறேன் என்றான். அதற்குள் பஸ் வந்து நின்றது. அமுதவள்ளி முன்வாசலில் ஏறினாள். பால்ச்சாமி அழுக்குக் கைலியோடு, முருங்கை மண் ஒட்டின காலோடு பின்வாசலில் ஏறினான். டிராக்டர் கொஞ்ச நேரம் அங்கேயே உறுமிக்கொண்டு நின்றது.

அவள் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து வாளியைப் பக்கத்து இடத்தில் வைத்திருந்தாள். அவன் கம்பியைப் பிடித்து நடந்து அவள் அருகே வந்து நின்றபோதுதான் பார்த்தாள்.

"எங்க வாரீக?"

"பாலவனத்தம்."

"எங்கண்ணன் வீட்டுக்குள்ள விட மாட்டான்."

"சரி."

"ஒரு வாய்த் தண்ணி குடுக்க மாட்டாக."

"சரி."

"பெறகு என்னத்துக்கு?"

கண்டக்டர் வந்தார். பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்பதால் அவளுக்கு வெறும் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அவனைப் பார்த்தார். பாலவனத்தம் என்றான். இது அருப்புக்கோட்டை வரைக்கும்தான், அங்கே மாறிக்கொள்ளுங்கள் என்றார். அவர் நகர்கிறவரை பால்ச்சாமி யோசித்தான்.

"அத்தைய எரிச்ச எடத்துல சித்த நேரம் நின்னுட்டு வாரேன்" என்றான். "நீ வீட்டுக்குப் போ. நான் அப்படியே திரும்பிர்றேன்."

"இப்ப நின்னு?"

"தெரியல."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே காடுகளில் ஆட்கள் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தார்கள். டிராக்டர்களுக்குப் பின்னால் புழுதி எழுந்து எழுந்து அடங்கியது. முன் சீட்டுக்காரர் இன்றைக்கு மழை உண்டு என்று யாரிடமோ சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். அவள் தோள் குலுங்குவது தெரிந்தது. பஸ் குலுக்கலாகவும் இருக்கலாம்.

ஒரு வளைவில் பஸ் சாய்ந்தபோது அவள் கையை நீட்டி, பக்கத்து இடத்தில் இருந்த வாளியை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இடம் காலியாக இருந்தது. அவனுக்காக எடுத்தாளா, வாளி உருண்டுவிடும் என்று எடுத்தாளா என்று பால்ச்சாமிக்குப் பிடிபடவில்லை. கேட்டிருக்கலாம். அருப்புக்கோட்டை வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே போனான்.